மாமா சமைத்த ஆறு மாதம்

என் மாமனாருக்குக் கடைசிவரை முட்டை உடைக்க வரவில்லை. ஆறு மாதம் தினமும் காலையில் எட்டு முட்டையாவது உடைத்திருப்பார். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் முப்பத்தாறு வருஷம் லேத் ஓட்டிய கை அது. இரும்பை இறுக்கிப் பிடித்தே பழகிய விரல்களுக்குள் முட்டை நொறுங்கிப் போகும். ஓடு சில்லு சில்லாகக் கிண்ணத்துக்குள் விழும். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கரண்டி முனையால் ஒவ்வொரு சில்லாக ஒதுக்கி எடுத்து மேடை ஓரத்தில் வைப்பார். ஒரு சில்லு தப்பிப் போனாலும் விட மாட்டார். அடுப்பில் சட்டி புகைந்துகொண்டிருக்கும்.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. என் மகனுக்கு இப்போது ஏழு வயது. தாத்தாவைப் பற்றி அவன் கேட்டால் லேத், சைக்கிள், மாதா கோயில் தேர் என்று ஏதாவது சொல்வேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொன்னதில்லை. அது அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். ஒரு ஹால், ஒரு ரூம், பின்னால் சமையல்கட்டு. நான் கல்யாணமாகி வரும்போது அத்தை இல்லை. மாலை போட்ட படம்தான் இருந்தது. வீட்டில் மாமா, அவர் மகன், நான், மூன்றே பேர். என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. நான் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் இருந்தேன்.

மாமா அதிகம் பேச மாட்டார். காலையில் எழுந்தால் தெருமுனை பேக்கரிக்குப் போய் ஒரு நீள ரொட்டி வாங்கி வருவார். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருக்கும் ரொட்டி. அதைக் குறுக்கே வெட்டி வெண்ணெய் தடவிக் காப்பியில் முக்கிச் சாப்பிடுவார். பையனாக இருந்த காலத்திலிருந்து அதுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு. நான் இட்லி வைத்தால் மரியாதைக்கு ரெண்டு எடுத்துக்கொள்வார்.

நான் உண்டாகி ஐந்தாம் மாசம் நடக்கும்போது குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். சுகர் ஏறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"மாசமா இருக்கறப்ப சில பேருக்கு வரும், குழந்த பொறந்தா போய்டும். உனக்குக் காலைலதான் ரொம்ப ஏறுது. மத்தியானம் ஒரு கப் சோறு சாப்டு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி சாப்டு. காலைல மட்டும் இட்லி, தோசை, பொங்கல், ரொட்டி எதுவும் வேணாம். முட்டை, காய், பனீர், தேங்கா, கடலை, இந்த மாதிரி சாப்டு."

ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மாமா சாயங்காலம் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் விடிகாலையில், அவர்களுக்கு இட்லி ஊற்றிவிட்டு எனக்கு ரெண்டு முட்டை வேகவைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனேன். சமையல்கட்டில் விளக்கு எரிந்தது. மாமா நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கக்கூட ஹாலில் இருக்கும் சொம்பைத்தான் எடுப்பார். மேடையில் பணியாரச் சட்டி இருந்தது. பரணில் கிடந்த அத்தையின் சட்டி.

"மாவு எங்க மாமா?"

"எதிர்வீட்ல குடுத்துட்டேன்."

"உங்களுக்கு இட்லி ஊத்தணுமே."

"உனக்கு என்னாவோ அதுதான் எங்களுக்கும். இந்த வீட்ல இனிமே ரெண்டு சாப்பாடு கிடையாது. நீ போய் உக்காரும்மா, வாந்தி வருதுன்னியே."

அன்று வந்த பணியாரம் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் ஒழுகியது. முட்டையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், முருங்கைக் கீரை போட்டு ஊற்றியிருந்தார். உப்பில்லை. மூன்று தட்டில் ஒரே அளவாக வைத்தார். நைட் ஷிப்டு முடித்து வந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார்.

"சுகர் அவளுக்குத்தானப்பா. எனக்கு எதுக்கு இது?"

மாமா தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தெருமுனை பேக்கரிக்கும் மாமா போகவில்லை. பேக்கரிக்காரர் ஒரு நாள் என்னைப் பார்த்து, பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

சமையலில் அவருக்கு எல்லாமே முதல் தடவை. பாதாமை அரைத்துத் தோசை ஊற்றினால் கல்லிலிருந்து எடுக்கும்போது கிழிந்துவிடும். அரிசி மாவு மாதிரி அது ஒட்டிப் பிடிக்காது. கிழிந்ததை அப்படியே கிளறி, தேங்காய் தூவி, "இன்னிக்குப் புட்டு" என்று வைத்தார். அப்புறம் ஒரு வாரம் யோசித்து, ஒரு முட்டையும் ஆளி விதைப் பொடியும் சேர்த்து, கல் சூட்டைக் குறைத்து, சின்னச் சின்னதாக ஊற்றினார். கிழியவில்லை. "சூடு ஏறுனா எதுவும் விரியும்மா. கொஞ்சம் ஆற வுட்டா தானா எழும்பி வரும்" என்றார். சமையலைப் பற்றி அவர் சொன்ன நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

காலிஃபிளவரைத் துருவி உப்புமா செய்வார். உப்புத் தண்ணீரில் போட்டுப் புழு பார்த்து, துருவி, வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, கடுகு தாளித்துக் கிளறினால் ரவை உப்புமா மாதிரியே இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும். பனீர் பொடிமாஸ், முட்டைக்கோஸ் ஆம்லெட், தேங்காயும் முட்டையும் நெய்யும் சேர்த்த ஒரு அடை. சட்னிக்குப் பொட்டுக்கடலை போட மாட்டார். அதிலும் மாவுச்சத்து இருக்கிறது என்று தாளில் போட்டிருந்ததாம். வேர்க்கடலையை வறுத்து அரைப்பார். பெரிய மார்க்கெட்டுக்கு சைக்கிளில் போய் அவரே எல்லாம் வாங்கி வருவார்.

சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து நான் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஆபீஸிலிருந்து போன் செய்து நம்பரைச் சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவார். நம்பர் நன்றாக இருந்தாலும் அதே "சரி"தான்.

ஒரு நாள் காலிஃபிளவரைத் துணியில் பிழிந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அத்தையைப் பற்றிச் சொன்னார். முகத்தைத் திருப்பவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அத்தைக்குப் பதினெட்டு வருஷம் சுகர். எங்களுக்கு ரொட்டி வெட்டி வெப்பா, இவனுக்குத் தோசை ஊத்துவா. நாங்க ஹால்ல உக்காந்து சாப்புடுவோம். அவ இந்த எடத்துல, இதோ இங்க நின்னுக்கிட்டுக் கோதுமக் கஞ்சி குடிப்பா. பதினெட்டு வருஷமும் நின்னுக்கிட்டேதான். அது என்னா ருசின்னு நான் கேட்டதில்ல. ஒரு நாளு விருந்தாளிங்க இருந்தாங்க. அவங்களுக்கு வெச்ச பிஸ்கோத்துல ஒண்ணு எடுத்துட்டா. கையத் தட்டி வுட்டேன். எல்லார் முன்னாலயும்."

பிழிந்த தண்ணீரைக் கொட்டினார்.

"அவளுக்கு நல்லதுன்னுதான் தட்டுனேன்."

அன்று அவரை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஒருத்தர் தனியாகச் சாப்பிடுவதை அவரால் பார்க்க முடியாது. சாப்பாடு மட்டுமில்லை. தெருவில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், எல்லாரும் வந்துவிட்டுப் போன பிறகு போய் உட்காருவார். பேச மாட்டார். அந்த வீட்டுக்காரர் தூங்கப் போகும்வரை நாற்காலியில் இருந்துவிட்டு வருவார்.

ஏழாம் மாசம் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். மத்தியானம் பிரியாணி. காலைப் பூசைக்கு வந்தவர்களுக்குப் பந்தலில் கேசரியும் பூரியும் போட்டார்கள். என் சுகர் விஷயம் தெரிந்து, அந்த வீட்டுப் பெண் நல்ல மனசோடு எனக்கு மட்டும் ரெண்டு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மாமா எனக்கு எதிர் வரிசையில் இருந்தார். அவர் இலையில் பூரி விழுந்திருந்தது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் முட்டை இருக்குமாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் சங்கடப்பட்டு உள்ளே ஓடினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரர் கம்பெனி வாசலில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவது மாமாவுக்குத் தெரியும். ஒரு நாள் கேட்டார்.

"உக்காந்து சாப்டியா, நின்னுக்கிட்டு சாப்டியா?"

"என்னாது?"

"பரோட்டா."

என் வீட்டுக்காரர் குளிக்கப் போனார். அதற்கப்புறம் காலையில் வெளியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ரெண்டு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்து, அடையைப் பிய்த்து வேர்க்கடலைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்ட அந்தக் காலைகளில் சந்தோஷமாக இருந்தோமா என்று கேட்டால், இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டோம், அவரவர் வேலைக்குப் போனோம்.

ஒன்பதாம் மாசம் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தை அசையவில்லை. காலையில் சாப்பிட்டால் உதைப்பது வழக்கம். அன்று சாப்பிட்டு ஒரு மணி நேரமாகியும் ஒன்றுமில்லை. ஆட்டோ பிடித்துப் போனோம். ஸ்கேன் பார்த்த பெண் ஸ்க்ரீனை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த அறையின் சுவரில் இருந்த சுவிட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு இருந்தன.

மறுநாள் சாயங்காலம் பிறந்தது. பெண். முழுக் குழந்தை, நகம்கூட வளர்ந்திருந்தது. என்னிடம் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். கனமாக இருந்தாள். மாமாவும் என் வீட்டுக்காரரும் கல்லறைக்கு எடுத்துப் போனார்கள். ஆட்டோவில் பெட்டியை மாமாதான் மடியில் வைத்துக்கொண்டாராம். மண்ணள்ளிப் போட்டு முடித்து எல்லாரும் கிளம்பியும், அவர் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு. காரணம் தெரியல. சில சமயம் தெரியவே தெரியாது. உன் சுகர் கடைசி வரைக்கும் கரெக்டா இருந்துச்சு. சாப்பாட்டுல ஒரு தப்பும் இல்ல. குழந்த எடையும் சரியா இருந்துச்சு. யாராவது ஏதாவது சொன்னா காதுல வாங்காத."

தலையாட்டினேன். அவர் போனதும் மாமா உள்ளே வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"டாக்டரம்மா என்னாம்மா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மாமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வாயைத் திறக்கவே பாரமாக இருந்தது என்பது ஒரு பக்கம். டாக்டரம்மா சொன்னதை நானே முழுதாக நம்பவில்லை என்பது இன்னொரு பக்கம். காரணமே இல்லாமல் ஒரு குழந்தை செத்துப் போகும் என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கேயோ ஒரு காரணம் இருக்கட்டும் என்று மனசில் ஒரு மூலை கேட்டிருக்கலாம். அந்த மூலை அவரைக் கை காட்டியிருக்கலாம்.

மாமா "சரிம்மா" என்றார். ப்ளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சமையல்கட்டில் விளக்கு எரிந்தது. நான் படுத்தபடியே முட்டை உடையும் சத்தத்தைக் கேட்டேன். பிறகு நிசப்தம். சில்லு பொறுக்குகிறார் என்று புரிந்தது. மூன்று தட்டு வந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். இனி அதைச் சாப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும். அவர் செய்து வைத்தார், நாங்கள் சாப்பிட்டோம். ருசி தெரியவில்லை. பணியாரமா அடையா என்றுகூடக் கவனிக்கவில்லை. பால் கட்டி மார்பு வலித்தது. ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்து மென்றேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சுகர் இல்லை.

"சுகர் போய்டுச்சாம் மாமா."

"நல்லதும்மா."

மறுநாள் காலிஃபிளவர் உப்புமா. அதற்கு மறுநாள் பனீர். நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. நிறுத்தினால் பிறகு காலையில் என்ன செய்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை. அப்படியே குழந்தை போய் ரெண்டு மாதம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமாவின் அக்கா வந்தார். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்பார்கள், அதனால் அவர் எல்லாருக்கும் சொல்தா அத்தை. நல்ல மனுஷிதான். என் தலையைத் தடவினார், அழுதார். நான் அழவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வயித்துப் புள்ளக்காரிக்கு இட்லி இல்ல, தோசை இல்ல, ஒரு வாய் ரொட்டி இல்ல. மாசக் கணக்குல வெறும் முட்டையும் தேங்காயும் குடுத்தா உள்ள இருக்கற புள்ள என்னாத்தத் திங்கும்? இவனுக்கு எதுக்கு இந்த வேல? ஆம்பள சமையக்கட்டுல பூந்தா இப்டித்தான்."

மாமா சமையல்கட்டில் அவருக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தார். அங்கிருந்து ஹாலுக்கு ஏழெட்டு அடி. ஸ்பூன் சத்தம் நின்றது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொன்னது எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர்தான், "அத்த, வேற பேசுங்க" என்றார். மாமா காப்பியைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் சமையல்கட்டு இருட்டாக இருந்தது. ஹாலில் ஓட்டல் பொட்டலம் மூன்று இருந்தது. இட்லி, சாம்பார், சட்னி. மாமா வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்குது. சாப்புடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சமையல்கட்டுக்குள் காலை வைக்கவில்லை. தண்ணீருக்கு மறுபடி ஹாலில் சொம்பு வைத்துக்கொண்டார். பேக்கரிக்கும் போகவில்லை. நான் வைப்பதைச் சாப்பிட்டார். சாயங்காலங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போவார். கல்லறைக்கு என்று நினைத்துக்கொண்டேன். சாவு வீடுகளுக்குப் போவதையும் விட்டுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தோம். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட எங்களிடம் எதுவும் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி உண்டானேன். இந்தத் தடவை நாலாம் மாசத்திலேயே சுகர் வந்துவிட்டது. அதே டாக்டரம்மாவிடம் போனேன். தனியாகத்தான் போனேன். அதே தாளைக் கொடுத்தார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"உங்க மாமனார் எப்டி இருக்காரு? அப்புறம் வரவே இல்லையே."

"இங்க வந்தாரா டாக்டர்?"

"உனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னார். குழந்தை போன மூன்றாம் மாதத்தில் மாமா மூன்று தடவை வந்திருக்கிறார். என் பெயரில் டோக்கன் வாங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே பெஞ்சில் காத்திருந்திருக்கிறார். கையில் ஒரு நோட்டு. அதில் தேதி போட்டு, ஒவ்வொரு நாளும் காலையில் எனக்கு என்ன கொடுத்தார், எத்தனை முட்டை, எவ்வளவு தேங்காய், நான் எவ்வளவு மிச்சம் வைத்தேன், போனில் என்ன நம்பர் சொன்னேன் எல்லாம் இருந்ததாம். மேஜைமேல் வைத்து, "எந்த நாளு தப்பு நடந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு நாளும் இல்ல பெரியவரேன்னு சொல்லி அனுப்புனேன். அடுத்த வாரமே திரும்ப வந்தாரு. நீங்க மேலாலதான் பாத்தீங்க, முழுசா படிக்கலன்னாரு. அன்னிக்குக் கூட்டம், முடியல. மூணாவது தடவ வந்தப்ப அவர எதுர்ல உக்கார வெச்சு மொதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். வெளிய எல்லாரும் சத்தம் போட்டாங்க. படிச்சிட்டு மறுபடியும் சொன்னேன், ஒரு தப்பும் இல்ல, உங்க மருமகளுக்கு நீங்க நல்லாத்தான் பாத்துருக்கீங்கன்னு. கும்புட்டுட்டுப் போய்ட்டாரு."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வெயில் மட்டும் தெரிந்தது.

வீட்டில் மாமா ஹால் தரையில் உட்கார்ந்து மேஜை பேனைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்த்திக் கேட்டார்.

"டாக்டரம்மா என்னாம்மா சொன்னாங்க?"

நான் பையைக்கூட வைக்கவில்லை.

"நீங்க அங்க போனீங்களாமே மாமா."

ஸ்க்ரூவைத் துணியில் துடைத்தார். "ஆமா."

"மூணு தடவ."

"ஆமா."

"மொதல் தடவயே அவங்க சொல்லிட்டாங்கல்ல, தப்பு ஒண்ணும் இல்லன்னு?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் மாமா திரும்பத் திரும்பப் போனீங்க?"

அவர் பேனின் இறக்கையைக் கையில் எடுத்து, ஓரத்தில் இருந்த தூசியைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"அவங்க டாக்டரு. கெழவன் அழுதுடப் போறான்னு ஆறுதலுக்குச் சொல்லுவாங்கம்மா. நெசமாவே தப்பு இல்லன்னா அத ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பாங்க. ஒங்கிட்ட சொல்லியிருந்தா நீ எங்கிட்ட சொல்லியிருப்ப. நீ ஒண்ணும் சொல்லலன்னு சொன்ன. அதனால அவங்க எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டயும் சொன்னாங்க மாமா. மூணாம் நாளே சொன்னாங்க. நீங்க வெளிய பெஞ்சுல இருந்தீங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏம்மா?"

"தெரியல மாமா."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் அது இல்லை.

"உங்க சாப்பாட்டால இல்ல மாமா. ஒரு நாளுகூட இல்ல."

இறக்கையைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காது கேளாதவர்போலக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னேன்.